ஏரிக்குக் கிழக்கே ஒரு மஞ்சள் புள்ளி

எங்கள் கல்லூரியில் ஒரு வேலையை யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல் போனால் அது புள்ளியியல் துறைக்கு வந்துவிடும். துறை என்றால் நானும், வேறு வேலை எப்போது கிடைக்கும் என்று காத்திருக்கும் ஓர் இளம் ஆசிரியையும்தான். நாமக்கல்லைத் தாண்டி, லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் முடிந்து, கோழிப்பண்ணை வாடை தொடங்கும் இடத்தில் இருக்கிற பெண்கள் கல்லூரி. சுற்றுவட்டாரப் பிள்ளைகளில் பாதிப்பேர் காலேஜ் பஸ்ஸில் வருவார்கள், மீதிப்பேர் ஹாஸ்டல்.

சென்ற ஆண்டு எங்கள் தாளாளர் கோயம்புத்தூரில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். அங்கே வேறொரு கல்லூரிக்காரர்கள் தங்கள் மாணவர்களைப் பற்றிய விவரங்களைப் பெரிய திரையில் படமாகப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னைக் கூப்பிட்டு, அட்டவணையெல்லாம் யாரும் படிப்பதில்லை, நம் பிள்ளைகள் எங்கிருந்தெல்லாம் வருகிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியவேண்டும், கதை மாதிரி இருக்கவேண்டும் என்றார். பெற்றோர் தினத்தன்று ஒருமுறை காட்டிவிட்டு, ஆய்வுக் குழு வரும்போதும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சரி என்றேன். உள்ளுக்குள் சந்தோஷம். வருஷக்கணக்காகச் சராசரியும் திட்டவிலக்கமும் நடத்தி, பிள்ளைகள் கொட்டாவி விடுவதைப் பார்த்துச் சலித்தவள் நான். ஒரு பெண்ணுக்கு ஒரு புள்ளி, அவள் வீடு இருக்கும் இடத்தில். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவள் என்றால் மஞ்சள், மற்றவர்களுக்குப் பச்சை. அவ்வளவுதான் என் யோசனை. விவரப் பட்டியலில் இருந்த சாதி, சமயம், அப்பாவின் தொழில், வருமானம் எல்லாவற்றையும் முதல் வேலையாக நீக்கினேன். இனி இந்தப் படத்தைப் பார்த்து யாரும் யாரையும் இன்னார் என்று சொல்லிவிட முடியாது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முகவரிதான் உதைத்தது. ‘காளியம்மன் கோயில் அருகில்’, ‘தண்ணீர்த் தொட்டி எதிரில்’ என்றால் கணினிக்கு என்ன தெரியும்? அதனால், விடுமுறைக்குப் போகும்போது வீட்டு வாசலில் நின்று போனில் லொகேஷன் அனுப்புங்கள் என்று வகுப்பு வாட்ஸப் குழுக்களில் போட்டேன். வந்து குவிந்தன. சரிபார்க்கும்போது ஒன்று கண்ணை உறுத்தியது. சில பிள்ளைகளின் லொகேஷன் வீட்டில் இல்லை. ஊர் பஸ் ஸ்டாப்பிலோ மெயின் ரோட்டு மளிகைக்கடையிலோ இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அனுப்பித் தொலைத்துவிட்டார்கள், சோம்பேறிகள் என்று நினைத்தேன். குழுவிலேயே திட்டி, வாசலில் நின்று மறுபடி அனுப்பச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் அனுப்பினார்கள்.

அப்படி மறுபடி அனுப்பியவர்களில் எங்கள் துறை இறுதியாண்டு மாணவி ஒருத்தியும் இருந்தாள். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், அங்கிருந்து எங்கள் கல்லூரிக்கு வருபவள் இவள் ஒருத்திதான். கெட்டிக்காரி. கேள்வி கேட்டால் பதிலைச் சொல்லிவிட்டு, சரியா தப்பா என்று என் முகத்தைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய புள்ளி மஞ்சள்.

எல்லாப் புள்ளிகளையும் ஏற்றி முடித்த மத்தியானம் நான் லேபில் தனியாக இருந்தேன். கொல்லிமலை அடிவாரத்திலிருந்து காவிரிக்கரை வரைக்கும் மஞ்சள் தெளித்த மாதிரி இருந்தது. பச்சை அங்கங்கே கொஞ்சம், டவுன் பக்கமாக. சேலம் அம்மாபேட்டையில் ஒரு தறிக்கார வீட்டில் பிறந்து, அந்த வீட்டிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். என் காலத்தில் இப்படி ஒரு படம் போட்டிருந்தால் நானும் மஞ்சள்தான்.

தாளாளருக்கு அது போதவில்லை. வெள்ளைத் தாளில் புள்ளி வைத்தால் யாருக்கு என்ன புரியும், ஊர் தெரிய வேண்டாமா என்றார். பின்னணியில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டு, விரலால் தொட்டுப் பெரிதாக்கினால் அவரவர் வீட்டுக்கூரை வரைக்கும் தெரியும்படி செய்யச் சொன்னார். என்னைக் கேட்பதற்கு முன்பே அழைப்பிதழில் ‘உங்கள் வீட்டைத் திரையில் காணுங்கள்’ என்று அச்சடித்தும் விட்டார். சரி, பெற்றோர் சந்தோஷப்பட்டால் நல்லதுதானே என்று நானும் செய்து கொடுத்தேன்.

பெற்றோர் தினத்துக்கு முந்தின நாள் மாலை, வகுப்புகள் முடிந்த பிறகு அந்தப் பெண் லேப் வாசலில் வந்து நின்றாள்.

“மேம், நாளைக்கு அந்தப் படத்துல வெரல வெச்சுப் பெருசு பண்ணுனா ஊடு தெரியுமுங்களா?”

தெரியும் என்று பெருமையோடு அவள் ஊரையே பெரிதாக்கிக் காட்டினேன். நாலைந்து தெரு, ஒரு கோயில், பள்ளிக்கூடம், சுற்றிலும் தோட்டங்கள். கிழக்கே ஒரு ஏரி, வற்றிக் கிடந்தது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், ஒரே அளவில் வரிசையாகக் கட்டிய கான்கிரீட் வீடுகள். அதில் ஒரு கூரைமேல் அவளுடைய மஞ்சள் புள்ளி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

“இதப் பாத்தா அல்லாருக்கும் தெரிஞ்சுருமுங்க மேம்.”

“என்ன தெரியும்?”

இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்பதுபோல என்னைப் பார்த்தாள். “ஊரு இக்கட்ட, காலனி அக்கட்ட,” என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாதி என்ற கட்டத்தை நீக்கிவிட்டேன் என்று நான் பீற்றிக்கொண்டிருந்தேன். அது அப்படியே ஏரிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. எங்கள் வட்டாரத்தில் ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர் என்று கேட்பார்கள், ஊரைச் சொன்னால் ஊருக்குள் எந்தப் பக்கம் என்பார்கள். அதற்குமேல் கேட்க ஒன்றும் இருக்காது. அம்மாபேட்டையிலும் அதே கதைதான், தெருப்பெயரைச் சொன்னால் மீதியை எதிரில் இருப்பவரே நிரப்பிக்கொள்வார். அதிலேயே வளர்ந்த நான், அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் பதிலைப் பெரிய திரையில் போட்டு வைத்திருந்தேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து லொகேஷன் அனுப்பிய பிள்ளைகளும் சோம்பேறிகள் இல்லை.

அவள் மெதுவாக மீதியைச் சொன்னாள். ஹாஸ்டலில் அவளுடைய அறைத்தோழி அதே வகுப்புத்தான், திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி முதலாளி ஒருவரின் மகள். முதலாண்டிலிருந்து ஒரே அறை. போன மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குத் தோழி இவளை ஊருக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். போவதற்கு முன்பே, இவளும் நம்மாளுகதான் என்று தன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அது இவளுக்குத் தெரியாது. அந்த அம்மா இவளுக்குத் தலை சீவிப் பூ வைத்து, பங்காளி வீட்டுப் பெண்பிள்ளைகள் வரிசையில் நிற்க வைத்து, மாவிளக்குத் தட்டைக் கையில் கொடுத்துக் கோயிலுக்கு அனுப்பியிருக்கிறாள். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் தோழி தான் சொன்ன பொய்யை இவளிடம் சொன்னாளாம். இவள் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த அப்பா நாளைக்கு வருகிறார். மாவட்டம் முழுக்க போர் போட்டவர், ஒவ்வொரு ஊரிலும் எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

“என்னைய ஒண்ணும் பண்ண மாட்டாங்க மேம். பண்ணுனாலும் நான் பாத்துக்குவேன். அவளத்தான் படிக்க உட மாட்டாங்க. மாப்பள பாத்துட்டேதான் இருக்கறாங்க. இது தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்திப்போடுவாங்க.”

அந்தத் தோழியையும் எனக்கு நன்றாகத் தெரியும். சுமாராகப் படிப்பாள், ஆனால் வாய்க்குப் பஞ்சமில்லை. வகுப்பில் நான் போர்டில் தப்புப் போட்டால் முதலில் சிரிப்பது அவள்தான். இன்னும் ஒரு பருவம் முடித்தால் அவளுக்குப் பட்டம். அது இப்போது என் படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன். பெரிதாக்கும் வசதியை எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் எல்லாப் புள்ளிகளையும் அந்தந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் வைத்துவிடலாம் என்றேன். காரணத்தையும் பெயர் சொல்லாமல் சொன்னேன். அழைப்பிதழை எடுத்துக் காட்டினார். ஆரு மேடம் இதையெல்லாம் பாத்துட்டு இருக்கறாங்க, அவங்கவங்க ஊட்டப் பாத்துட்டு, போட்டோ எடுத்துட்டுப் போயிருவாங்க என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஒன்று கொடுக்கலாம் போல இருந்தது.

லேபுக்குத் திரும்பினேன். அவள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். உன் புள்ளியைக் கோயில் தெருவுக்குள் நகர்த்தி வைத்துவிடட்டுமா, ஒரு நொடி வேலை என்று கேட்டேன். மௌஸை அதன்மேல் கொண்டுபோயும் விட்டேன்.

“அங்க வெக்காதீங்க மேம்.” குரல் மாறியிருந்தது. “அங்க எங்களுக்கு ஊடு இல்லீங்க. எடுத்து உட்ருங்க. ஆனா அங்க வெக்காதீங்க.”

எடுத்துவிட்டேன். ஏரிக்கு அந்தப் பக்கம் வெறும் கூரைகள் மட்டும் இருந்தன. அவள் நன்றி என்று சொல்லிவிட்டுப் போன பிறகு நான் வரைபடத்தை ஊர் ஊராகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊருக்குத் தள்ளி, ஓடைக்கு அப்பால், சுடுகாட்டுப் பாதையில், இப்படி எத்தனையோ மஞ்சள் புள்ளிகள். யார் யாரிடம் சொல்லியிருக்கிறார்கள், யார் சொல்லவில்லை, எனக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் நானாக எடுத்தால் அதுவும் நான் செய்கிற முடிவுதான். கேட்டவளுடையதை மட்டும் எடுத்தேன், மற்றவர்களைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். அதற்காக அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கூட்டம் எதிர்பார்த்ததற்குமேல் வந்தது. தாளாளர் சொன்னபடியே பெற்றோர் வரிசையில் நின்று, தங்கள் வீட்டைத் தேடி, கண்டுபிடித்ததும் சத்தம் போட்டுச் சிரித்து, போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, கூரைமேல் காயப்போட்ட நிலக்கடலை தெரிகிறதா என்று திரைக்கு மூக்கை ஒட்டிப் பார்த்தார். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணை வேண்டுமென்றே தூரத்தில், வரவேற்பு மேசையில் போட்டிருந்தேன்.

ரிக் முதலாளி மகளோடு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதிர்ந்து பேசாத மனிதர். எங்கள் ஹாஸ்டல் போர்வெல் அவர் போட்டுக் கொடுத்தது, அதனால் தாளாளரே எழுந்து வந்து திரை வரைக்கும் கூட்டிவந்துவிட்டுப் போனார். எனக்கு வணக்கம் வைத்தார். தன் வீட்டைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் நிற்கிற ரிக் வண்டிகள்கூடத் தெரியுதுங்களே என்று சந்தோஷப்பட்டார். மகளும் சிரித்தாள். முடிந்தது, இனிச் சாப்பிடப் போய்விடுவார் என்று நான் மூச்சு விடப் போன நேரத்தில், “இருங்க மேடம், இன்னொரு ஊட்டப் பாத்துக்கறேன்,” என்றார்.

அவர் விரல் கிழக்கே நகர்ந்தது. நாமக்கல்லைத் தாண்டியது. எருமப்பட்டியைத் தாண்டியது. நான் மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் தேடியதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை, அதுதான் கொடுமை. மகளின் சிநேகிதி வீட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஊரில் ஒரு தோட்டத்துக்கு போர் போட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டே ஊரைப் பெரிதாக்கினார். கோயில் தெருவைப் பார்த்தார். அடுத்த தெருக்களைப் பார்த்தார். பிறகு சுற்றியுள்ள தோட்டங்களை ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்த்தார். அவர் விரல் போன இடமெல்லாம் என் கண்ணும் போனது. இல்லாத ஒரு புள்ளியை ஒருவர் தேடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“ஏனுங்க மேடம், இந்த ஊர்ல ஒரு புள்ளியுங் காணமே?”

ஒன்றிரண்டு புள்ளிகள் ஏறவில்லை, கணினியில் ஏதோ கோளாறு என்று பூசி மெழுகினேன்.

“அல்லாருதும் ஏறியிருக்குது. அது ஒண்ணு மட்டும் ஏறலீங்களா?” என்றார். குரலில் கோபம் இல்லை. துளை போடும்போது கல் மாறினால் கவனிப்பாரே, அந்தக் கவனம் இருந்தது. திரையிலிருந்து விரலை எடுக்காமல், வரவேற்பு மேசைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். “கண்ணு, இங்க வா சாமி. உங்கூடு எங்கீன்னு காட்டு.”

அவள் வந்தாள். எனக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் கை புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. கோயில் தெருவில் ஏதோ ஒரு கூரையைத் தொட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். தொடு, தொட்டுவிடு என்று எனக்குள் நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் அவள் வேண்டாம் என்றதை, இப்போது அவள் செய்யவேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன். அவள் கையைத் தூக்கவே இல்லை. நான் திரையின் பின்பக்கம் கைவிட்டு மின்வயரைத் தேடினேன். கைக்கு வயர் அகப்பட்டது.

இழுப்பதற்குள் மகள் முன்னால் வந்தாள். அப்பாவின் கைக்கு அடியில் தன் கையை நுழைத்து, படத்தை நகர்த்தினாள். கோயில் போனது, பள்ளிக்கூடம் போனது, ஏரி வந்தது, ஏரிக்கரை வந்தது. வரிசை வீடுகளில் ஒன்றின்மேல் விரலை வைத்தாள்.

“இங்கீங்கப்பா. நான் போயிருக்கறேன்.” குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “அவங்கூட்டுல சோறு உண்டிருக்கறேன். அம்மாகிட்ட நாந்தான் பொய் சொன்னேன். அவ சொல்லல.”

பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அப்பா அந்த விரலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மாவிளக்குத் தட்டு அவர் கண்முன் வந்திருக்கும், எனக்கே வந்தது. அந்தப் பெண்ணின் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை. மகளின் விரல் விலகியதும், தன் இரண்டு விரலால் படத்தைச் சுருக்கினார். ஊர் சின்னதாகி, ஏரி மறைந்து, மாவட்டம் முழுக்க மறுபடி மஞ்சளும் பச்சையுமாக வந்து நின்றது.

“படம் நல்லா இருக்குதுங்க மேடம்,” என்றார். பிறகு மகளிடம், “பாப்பா, ரூமுக்குப் போயி பையை எடுத்துட்டு வா,” என்றார்.

சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள். கார் கேட்டைத் தாண்டும்வரை நான் வயரைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றிருந்தேன்.

அடுத்த வாரம் முழுக்க வகுப்பில் தோழியின் இடம் காலியாக இருந்தது. எருமப்பட்டிப் பெண் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து, யாரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டாள். தினமும் போர்டைப் போட்டோ எடுத்துத் தோழிக்கு அனுப்புவாள். ஒற்றை டிக்கோடு நிற்கும். போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். எனக்கு அந்த மனிதர்மேல் ஆத்திரம், தாளாளர்மேல் ஆத்திரம், எல்லாவற்றுக்கும் மேலே அந்த அழகான படத்தின்மேல் ஆத்திரம். நான் எடுத்துவிட்ட புள்ளிதான் காட்டிக்கொடுத்தது. அது இருந்திருந்தாலும் காட்டித்தான் கொடுத்திருக்கும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் வழி தெரியவில்லை.

ஒருநாள் ஆபீஸில் இருந்த உதவியாளர் என்னைக் கூப்பிட்டு, ரிக் முதலாளி போன் செய்ததாகச் சொன்னார். டிசி வாங்க என்னென்ன கொண்டுவர வேண்டும், ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும் இருக்கும் என்று விசாரித்தாராம். அந்தப் பெண்ணிடம் சொல்லவேண்டுமா என்று யோசித்தேன். அவளுக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

அதே வாரம் தாளாளர், ஆய்வுக் குழு வரப்போகிறது, படத்தை முன்கூடத்தில் வைத்துவிடுங்கள் என்றார். வைக்க மாட்டேன் என்றேன். முதலில் விளையாட்டு என்று நினைத்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் புள்ளியைத் தானே, தன் கையால், தனக்குப் பிடித்த இடத்தில் வைக்கட்டும். வீட்டில் வைக்கலாம், பஸ் ஸ்டாப்பில் வைக்கலாம், வேண்டாம் என்றால் வைக்காமலும் விடலாம். அப்படியானால் செய்கிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கோபமாக ஏதேதோ சொன்னார். ஆனால் அந்த வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும். மாவட்டம் தெரிந்தால் போதும், கூரை தெரிய வேண்டியதில்லை என்பதற்கும் அரை மனதோடு தலையாட்டினார்.

வகுப்புக் குழுக்களில் மறுபடி எழுதினேன். இந்த முறை யாரையும் திட்டவில்லை. லேபுக்கு வந்து நீங்களே வையுங்கள், ஊரில் இருப்பவர்கள் நீங்கள் விரும்புகிற இடத்திலிருந்து அனுப்புங்கள் என்று மட்டும் போட்டேன். பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள், தனித்தனியாகவும் வந்தார்கள். புள்ளி வைக்கும்போது நான் திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒருத்தி தன் புள்ளியை எடுத்துவிட்டாள் என்பது பின்னால் கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இன்னொருத்தி தான் படித்த பள்ளிக்கூடத்தின்மேல் வைத்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

எருமப்பட்டிப் பெண் கடைசியில் வந்தாள். நாற்காலியை நகர்த்திக் கொடுத்துவிட்டு நான் எழுந்து போகப் பார்த்தேன். இருங்க மேம் என்றாள். கோயிலைத் தாண்டினாள், ஏரியைத் தாண்டினாள், வரிசை வீடுகளுக்கு வந்தாள். நான் முதலில் வைத்திருந்த இடத்துக்குப் போனவள் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“இது எங்க சித்தி ஊடுங்க மேம். இதுக்கு அடுத்தது.”

ஒரு கூரை தள்ளி வைத்தாள். மஞ்சள் அங்கே உட்கார்ந்தது. பிறகு, தோழியின் புள்ளி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். டிசி வாங்காதவரை இருக்கும் என்றேன். வாய்விட்ட பிறகுதான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அப்போது எங்கள் இருவருடைய போனும் ஒரே நேரத்தில் சத்தம் கொடுத்தது. வகுப்புக் குழுவில் தோழியிடமிருந்து ஒரு லொகேஷன். எழுத்து ஒன்றும் இல்லை. தொட்டுத் திறந்தேன். அது ஒரு இடத்தில் நிற்கிற லொகேஷன் இல்லை, லைவ். திருச்செங்கோட்டைத் தாண்டி, நாமக்கல் ரோட்டில் நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

“அப்பாவோட வாராளோ மேம்?” என்றாள். டிசி வாங்க என்று அவள் சொல்லவில்லை. ஆபீஸ் இன்னும் திறந்துதான் இருந்தது. போனைக் கொடுத்தது யார், கொடுத்தது எதற்கு என்று ஒன்றும் தெரியாமல் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது வேகமாக வந்தது, பிறகு எலச்சிபாளையத்தில் நின்றது. நின்றே இருந்தது. கிளம்பியது. கொஞ்ச தூரம் வந்து மறுபடி நின்றது, கிளம்பியது. இன்னொரு ஸ்டாப்பிலும் அப்படித்தான்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்ததே தெரியாமல்.

“கார் இப்பிடி நிக்காதுங்க மேம்,” என்றாள்.